பேப்பர் நாற்றுச்சாடி ஏன் சீக்கிரம் காய்கிறது?

திருகோணமலையில் வறண்ட கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில், பழைய பேப்பரில் செய்த சாடிகளுக்கு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் நாற்று வாடுகிறதே என்பதுதானே கேள்வி? பக்கச்சுவர் முழுவதும் ஈரத்தை உறிஞ்சிக் காற்றுக்குக் கொடுக்கிறது. சாடிகளைத் தனித்தனியாக வைக்காமல், ஒரு தட்டில் ஒன்றோடொன்று ஒட்டி நெருக்கமாக அடுக்குங்கள்.

செய்முறை எளிது. பெரிய பத்திரிகைத் தாள் ஒன்றை நீளவாக்கில் மூன்றாக மடித்து, 7 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பால்பேணியில் சுற்றுங்கள். அடியில் 4 சென்ரிமீற்றர் நீட்டிக்கொண்டிருக்கட்டும். அதை உள்ளே மடித்து, பேணியைத் தரையில் அழுத்தித் திருகி உருவுங்கள். பசை வேண்டாம். வழவழப்பான விளம்பரத் தாளும் வேண்டாம், அது லேசில் உக்காது.

சாடியில் நிரப்பும் கலவை: மேல்மண் 2 பங்கு, உக்கிய மாட்டெரு 1 பங்கு, தும்புத்தூள் (தேங்காய் மட்டைத் தூள்) 1 பங்கு. உப்புநீரில் ஊறிய மட்டையின் தூள் என்றால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசாமல் போடவே கூடாது. இலை நுனி கருகும்.

வேர் அசைந்தால் தாங்காத பூசணி, பாகல், வெள்ளரிக்கு இந்தச் சாடி மிகப் பொருத்தம். மூன்று வாரத்துக்குள் நட்டுவிடலாம். மிளகாய் கூடுதல் நாள் நிற்கும், இரண்டு தாள் சுற்றுங்கள்.

நடும்போது பலர் விடும் பிழை: பேப்பர் விளிம்பு மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பது. அது திரிபோல அடி ஈரத்தை மேலே இழுத்துவிடும். விளிம்பைக் கிழித்தெடுத்து, அடியையும் இலேசாகக் கீறிவிட்டு, முழுவதும் மண்ணால் மூடுங்கள்.