தாத்தாவின் ஸ்டென்ட்டும் பேத்தியின் படிப்பும்

இரண்டாம் முறை நீட் எழுதியும் மகளுக்கு அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்காததால், தோட்டத்தை விற்றாவது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடுமாறு தாய்மாமா வற்புறுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானது. மாமாவின் யோசனை நியாயமானதன்று. இத்தகைய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆண்டுக் கட்டணமே 20 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது, அதில் மாமா எவ்வளவு தருவார் என்று உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை.

ரத்தக்குழாயைத் திறந்து வைக்கத் தாத்தாவுக்குப் பொருத்திய சிறு குழலான ஸ்டென்ட் ஏன் மறுபடி அடைத்துக்கொண்டது என்று மகள் மாதக்கணக்கில் கேட்டுவருவதாகப் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்களே, அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். மருந்து எழுதுவதைவிடக் காரணம் தேடுவதில் நாட்டமுள்ள பிள்ளைதான் இப்படிக் கேட்கும்.

அவளுடைய கேள்வி ரத்தக்குழாய் உயிரியலைச் சேர்ந்தது. தமனிச் சுவரின் தசைச் செல்களில், சுருங்குவதற்குத் தேவையான ஆல்ஃபா ஆக்டின், மயோசின், கால்போனின் முதலிய புரதங்கள் நிறைந்திருக்கும். ஸ்டென்ட் வைக்கையில் சுவர் காயப்பட்டால், அங்கு வந்து ஒட்டும் தட்டணுக்கள் (ரத்தத்தை உறையச் செய்யும் நுண்துகள்கள்) பிடிஜிஎஃப் என்னும் வளர்ச்சிக் காரணியை, அதாவது செல்களை வளரத் தூண்டும் புரதத்தை, வெளியிடுகின்றன. தட்டணுக்களிலிருந்து வரும் ஒரு பொருள் இச்செல்களைப் பெருகச் செய்வதை 1974இல் ரஸ்ஸல் ராஸ் குழுவினர் காட்டினர். பிடிஜிஎஃப் தூண்டுதலால் தசைச் செல்லுக்குள் கேஎல்எஃப்4 என்ற புரதம் கூடி, அந்தச் சுருங்கு புரதங்களின் மரபணுக்களை அடக்க, செல்கள் பெருகி உட்புறம் நகர்ந்து குழாயைக் குறுக்குகின்றன. டிஜிஎஃப்-பீட்டா என்னும் மற்றொரு காரணியோ அதே சுருங்கு புரதங்களைக் கூட்டுகிறது. ஆனால் கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தைக் குவித்துச் சுவரைத் தடிக்க வைப்பதும் அதுதான் என்பதால், அதை நல்லது என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. செல் பெருக்கத்தைத் தடுக்கும் சிரோலிமஸ் என்னும் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு அமெரிக்கா 2003இல் அனுமதி அளித்தது.

இதை ஆய்வகத்தில் ஆராயும் வேலை பொறுமையைக் கேட்கும். செல்களைத் தட்டில் வளர்த்து, அவற்றை வளரத் தூண்டும் சீரம் (ரத்தத்திலிருந்து பிரித்த திரவம்) இல்லாமல் ஒரு நாள் வைத்திருந்து, நானோகிராம் அளவில் காரணியைச் சேர்த்து, பின்னர் வெஸ்டர்ன் பிளாட் முறையில் புரத அளவை ஒப்பிட வேண்டும். ஒப்பீட்டுக்கு வைத்த புரதமே அந்தக் காரணியால் மாறவில்லையா என்று சந்தேகப்படும் குணம் இங்கு பெரிய மூலதனம்.

அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. உயிர்வேதியியல் சில ஆயிரம் ரூபாயில் முடியும். பிறகு ஜேஏஎம் அல்லது கேட்-பி தேர்வெழுதி முதுகலைக்கும், சிஎஸ்ஐஆர்-நெட் தேர்வு வழியாக முனைவர் பட்டத்துக்கும் போகலாம்; இளநிலை ஆய்வாளருக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 முதல் மாதந்தோறும் 37,000 ரூபாய். நிரந்தர வேலை கிடைக்க அவளுக்கு முப்பது வயதைத் தாண்டலாம் என்பதை மறைக்க மாட்டேன். அதற்குள் "டாக்டர் ஆகவில்லையா" என்று உறவினர்கள் பலமுறை கேட்பார்கள். பதில் சொல்லும் பொறுப்பை அவள் தலையில் போடாதீர்கள்.

மூன்றாம் முறை பயிற்சி மையத்துக்கு அனுப்புவதா என்பதை அவளிடமே கேளுங்கள். தோட்டத்துக்கு இன்னும் முன்பணம் வாங்கவில்லை என்கிறீர்கள். வாங்க வேண்டாம்.