குளத்தங்கரையில ராத்திரி யாரு நடக்குறா?

கேள்வி: கொள்ளிடம் பக்கத்துல எங்க நெலத்துல குளம் வெட்டி கட்லா, ரோகு விட்டிருக்கோம். ரெண்டு வருஷமா கோடையில நீர்நாய் கூட்டமா எறங்கி நாசம் பண்ணுது. ஃபாரஸ்ட்ல கேட்டா தொடக்கூடாதுங்கறாங்க, நஷ்டத்துக்கு பதிலே இல்ல. மோட்டார் கொட்டாயிலேர்ந்து கரையச் சுத்தி கரண்ட் கம்பி விட்டுடலாம்னு மச்சான் சொல்றாரு. அப்பாவுக்கு இஷ்டமில்ல. வயசாயிடுச்சு, தூக்கம் வராம ராத்திரியெல்லாம் குளத்துப் பக்கமே சுத்துவாரு. எங்க நெலத்துல எங்களுக்கு உரிமை இல்லையா?
- கும்பகோணம் பக்கத்து வாசகர்

பதில்: தம்பி, உரிமைய அப்புறம் பேசுவோம். அப்பா ராத்திரியெல்லாம் குளத்துப் பக்கம் சுத்துவாருன்னு போற போக்குல எழுதியிருக்கீங்களே, அத எழுதும்போது கை நடுங்கலையா? அதே கரையிலதானே கம்பி இழுக்கப் போறீங்க? ஸ்விட்ச அணைக்க ஒரு நாள் மறந்தா மொதல்ல விழப்போறது நீர்நாயா, பெத்தவரா? திருட்டுக் கரண்ட் வேலியில பக்கத்து வயக்காரங்களும் சொந்த வீட்டு ஆளுங்களும் செத்திருக்காங்க, பேப்பர் படிக்கிறீங்கள்ல. மச்சானுக்கென்ன, யோசனை சொல்லிட்டு ஊருக்குப் போயிடுவாரு, கொள்ளி வைக்கப்போறது நீங்க.

சட்டமும் சொல்லிடுறேன். 1972 வனவிலங்குச் சட்டத்த 2022ல திருத்துனதுக்கப்புறம் நீர்நாய் அதிகப் பாதுகாப்பு குடுக்கற முதல் அட்டவணையில இருக்கு, கொன்னா கொறஞ்சது 3 வருஷம், 7 வருஷம் வரைக்கும் உள்ள, அபராதம் 25,000க்குக் குறையாது. விவசாயத்துக்குன்னு குடுத்த இலவச கரண்ட்ட வேலிக்கு இழுத்ததுக்கு தனி கேஸ்.

அது ஏன் கோடையில மட்டும் வருதுன்னு யோசிச்சீங்களா? வழக்கமா ஜனவரி 28ல மேட்டூர சாத்துனா ஜூன் 12 வரைக்கும் ஆத்துல என்ன ஓடும்? மடுவுல கெடந்த மீன் தீர்ந்துடும், மணல அள்ளி கரையையும் கொடஞ்சாச்சு, குட்டிங்கள வச்சுக்கிட்டு அது எங்க போகும், தண்ணியும் மீனும் இருக்கற உங்க குளத்துக்குத்தான் வரும்.

அதுக்காக நஷ்டத்த நீங்க ஒருத்தரே சொமக்கணும்னு சொல்ல மாட்டேன். ஊருக்கெல்லாம் பொதுவான உசுருக்கு ஒருத்தன் மட்டும் தீனி போடணும்னா அது அநியாயம்தான். அமெரிக்காவுல 1973ல அழிஞ்சுபோற உசுருங்களக் காப்பாத்த இப்படி ஒரு சட்டம் வந்தப்ப, பைன் மரத்துல கூடு கட்டுற ஒரு அபூர்வ மரங்கொத்தி வந்து கூடு கட்டிட்டா நம்ம மரத்தையே வெட்ட விடமாட்டாங்கன்னு சில பேரு முன்கூட்டியே பைன் மரங்கள வெட்டித் தள்ளிட்டாங்க, கடைசியில 1995ல வட கரோலினாவுல மரத்த வச்சிருக்கறவங்களுக்கு புதுசா கட்டுப்பாடு போட மாட்டோம்னு எழுதிக் குடுத்துதான் வழிக்குக் கொண்டுவந்தாங்க. நம்ம ஆபீசருங்க தொடாதேன்னு சொல்றதோட வேலை முடிஞ்சதுன்னு கெளம்பிடுறாங்க, அது எனக்கும் எரிச்சல்தான்.

அதனால இத செய்ங்க. கம்பி வலை வேலி போடுங்க, அடிப்பக்கத்த வெளிப்பக்கமா மடக்கி ஒரு அடி புதைங்க, இல்லன்னா தோண்டிக்கிட்டு வந்துடும். குளத்து நடுவுல பனைமட்டையும் முள்ளும் போட்டா மீன் ஒளிஞ்சுக்க எடம் இருக்கும். விக்கிற அளவுக்கு வந்த மீன ஆறு காயறதுக்குள்ள புடிச்சு வித்துடுங்க. அது எந்தப் பக்கமா ஏறுது, எத்தன மணிக்கு வருதுன்னு அப்பாகிட்ட கேளுங்க, ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கற மனுஷன், அவருக்குத் தெரியாம இருக்காது, வேலிய அங்கேர்ந்து ஆரம்பிங்க. வேலிக்கான பில்லையும் தின்னு போட்ட மீன் ஃபோட்டோவையும் வச்சு கலெக்டர் ஆபீஸ் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துல மனு குடுங்க, ரசீது வாங்காம வராதீங்க, அடுத்த மாசக் கூட்டத்துலயும் போய் நில்லுங்க.