கூரை ஒழுகாத ஸ்டோரில் யூரியா ஏன் கட்டி தட்டுகிறது?

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டமொன்றில் ஸ்டோர் கிராணியாக, அதாவது கிடங்கு எழுத்தராக, பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கூரை ஒழுகவில்லை, தரையிலும் ஈரமில்லை, ஆயினும் யூரியா மூட்டைகள் பாறையாகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சந்தேகப்பட வேண்டியது காற்றைத்தான்.

ஒவ்வோர் உரமும் ஒரு குறிப்பிட்ட ஈரப்பதத்திற்கு மேல் காற்றிலிருந்தே நீரை இழுத்துக்கொள்ளும். 30 பாகை செல்சியஸில் அந்த எல்லை யூரியாவுக்குச் சுமார் 72.5 விழுக்காடு, அம்மோனியம் சல்பேட்டுக்கு 79, எம்.ஓ.பி. என்னும் பொட்டாஷ் உரத்துக்கு 84. நம் ஊர்ப் பின்னிரவுக் காற்றோ 90ஐத் தாண்டுவது சாதாரணம். இரவில் குருணையின் மேற்புறம் மெல்லக் கரைகிறது. பகலில் கூரைத் தகரத்தின் வெக்கையில் நீர் வற்றும்போது, கரைந்தது மறுபடியும் படிகமாகிப் பக்கத்துக் குருணையோடு ஒட்டிக்கொள்கிறது. ஆகவே காற்றோட்டம் என்று சொல்லி இரவு முழுவதும் சன்னலைத் திறந்து வைக்காதீர்கள். வெயில் ஏறிய பிறகு திறந்து, மாலைக்குள் அடைத்துவிடுங்கள். வாய் பிரித்த மூட்டையை அன்றே முடித்துவிட வேண்டும், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கொக்கி போட்டுக் கிழிக்கக் கூடாது.

இதைவிடப் பெரிய தவறு ஒன்றை நானே செய்திருக்கிறேன். தீபாவளி விடுமுறைக்கு முன் வேலையை எளிதாக்கும் எண்ணத்தில், யூரியாவையும் எம்.ஓ.பி.யையும் முன்கூட்டியே கலந்து சாக்குகளில் கட்டி வைத்தோம். தனித்தனியே அவ்வளவு தாங்கும் இந்த இரண்டும் ஒன்று சேர்ந்தால் எல்லை 60 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும் என்பது அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் சாக்கின் அடியில் சேறு, மேலே கட்டி. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கலக்க வேண்டுமென்றால் போடும் நாளன்று காலையில் கலந்துகொள்ளுங்கள்.

லாரியிலிருந்து இறங்கும்போதே கட்டியாக இருந்தால் குறை உங்கள் ஸ்டோரில் இல்லை. சரியாக ஆறாத சரக்கைச் சூட்டோடு மூட்டை கட்டினால், உள்ளிருக்கும் ஈரம் இடம் மாறி, ஆறும் வேளையில் குருணைகளை ஒட்டிவிடும். இதற்காகத்தான் ஆலைகளில் உலர்த்துகிறார்கள், குளிர்விக்கிறார்கள், பொடியைச் சலித்து நீக்குகிறார்கள். உரத்திற்கேற்ப நுண்ணிய களிமண் தூளோ எண்ணெய்ப் பூச்சோ கொடுக்கிறார்கள். யூரியாவில் சிறிதளவு ஃபார்மால்டிஹைடு சேர்த்துக் குருணையை உறுதியாக்குவதும் உண்டு. பொடி மிகுந்த சரக்கில் ஒன்றையொன்று தொடும் இடங்கள் அதிகம் என்பதால், அது சீக்கிரம் இறுகும். வாங்கும்போது ஒரு மூட்டையைப் பிரித்துக் கையில் அள்ளிப் பார்ப்பது நல்லது.

அடுக்கின் பாரமும் ஒரு காரணம். நாங்கள் பலகைத் தட்டின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, பத்து மூட்டை உயரத்தோடு நிறுத்திக்கொள்வோம்; முதலில் வந்ததை முதலில் வெளியே அனுப்புவோம். இப்போது கட்டியாகிக் கிடப்பதை எறிந்துவிடாதீர்கள், இறுகியதால் அதன் தழைச்சத்து (நைட்ரஜன்) போய்விடுவதில்லை. உடைத்துச் சலித்து முதலில் அதையே வயலுக்கு அனுப்புங்கள்; கட்டியோடு மரத்தடியில் போட்டால் ஓரிடத்தில் மட்டும் மிகுதியாக விழும்.