மலைக்கு எது சரி: செடானா, ஹேட்ச்பேக்கா, 'ஜீப் மாதிரியா'?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. மாதம் ஒரு முறை அம்மாவைக் கோவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். பழைய கார் வாங்க ஐந்து லட்சம் வைத்திருக்கிறேன். புரோக்கர் ஒரு காம்பாக்ட் எஸ்.யு.வி.யைக் காட்டி, "ஜீப் மாதிரி சார், எந்த ஏற்றமும் ஏறும்" என்கிறார். அம்பாசடர் ஓட்டிய அப்பாவோ, "டிக்கி நீட்டிக்கொண்டிருந்தால்தான் மலையில் பிடிமானம்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: அப்பா சொல்வதில் பாதி சரி. புரோக்கர் சொல்வதில் அதுகூட இல்லை.

அம்பாசடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரிலிருந்து வந்தது. இஞ்சின் முன்னால், இழுப்பு பின் சக்கரத்தில். ஏற்றத்தில் எடை தானாகவே பின்னால் சாயும். டிக்கியில் இரண்டு மூட்டையும் இருந்தால் பின் சக்கரம் தரையை இன்னும் அழுத்திப் பிடிக்கும். குன்னூர் மலைப்பாதையில் அப்பா அனுபவித்த பிடிமானம் அதுதான். புகழ் டிக்கிக்குப் போய்விட்டது, உழைத்தது பின் சக்கரம். உங்கள் பட்ஜெட்டில் கிடைக்கும் சின்ன செடான்களில் (டிக்கி தனியாகப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கார்கள்) இழுப்பு முன் சக்கரத்தில். டிக்கியை நிரப்பினால் அங்கே முன்பக்கம் லேசாகும். மழை நாளில் கொண்டை ஊசி வளைவில் நின்று எடுத்தால், சக்கரம் அதே இடத்தில் சுற்றும்.

சரி, புரோக்கரின் 'ஜீப்'. 2006 மத்திய பட்ஜெட்டில், 4 மீட்டருக்கு மிகாத நீளமும், பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500 சி.சி.க்குள் இஞ்சினும் உள்ள கார்களுக்குக் கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. அன்றிலிருந்து நம் ஊர்க் கார்களின் உருவத்தை வரைந்தது டிசைனர் பாதி, வரி பாதி. 2008-ல் வந்த ஸ்விஃப்ட் டிசையர் 4160 மி.மீ. நீளம், டிக்கி 440 லிட்டர். 2012-ல் அதே பெயரில் வந்தது 3995 மி.மீ., டிக்கி 316 லிட்டர். பழைய டிசையர் பார்க்கப் போனால் எந்த வருஷத்து வண்டி என்று முதலில் கேளுங்கள்.

எஸ்.யு.வி.களும் அதே அளவுகோலில்தான் தைக்கப்பட்டன. 2013 ஈகோஸ்போர்ட் 3999 மி.மீ., 2016 பிரெஸ்ஸா 3995. இரண்டுமே இங்கே முன் சக்கர இழுப்பில் விற்றவை. ஜீப் என்றால் நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும், லோ கியருக்குத் தனி ஏற்பாடு இருக்க வேண்டும். இவை தரையிலிருந்து கொஞ்சம் தூக்கிக் கட்டிய ஹேட்ச்பேக், அதாவது டிக்கி வெளியே நீளாத குட்டைக் கார். தோட்டத்துக்குப் போகும் மண் பாதையில் அந்த உயரம் உதவும், மறுக்கவில்லை. அதற்கு ஜீப் விலை கொடுக்காதீர்கள்.

என் ஓட்டு 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக்குக்கு. பின்பக்கம் குட்டை, குறுகிய வளைவில் சட்டென்று திரும்பும். நான் ஒரு காலத்தில் நீள செடான் வைத்திருந்தேன். வீட்டுச் சந்தின் சரிவில் இறங்கும்போதெல்லாம் பின் பம்பர் தரையை முத்தமிடும். பச்சைத் தேயிலையை மட்டும் காரில் ஏற்றாதீர்கள். ஈர மூட்டை தரைத் தகட்டை அரித்துவிடும், பிக்கப் வாடகையே மலிவு.

வாங்குமுன் வெயிலில் நிறுத்திப் பார்க்காதீர்கள், ஏற்றத்தில் நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் பிடிக்கிறதா? அங்கிருந்தே எடுக்கும்போது கருகல் வாடை வந்தால் கிளட்ச் முடியப் போகிறது. மலை வண்டிகளில் முதலில் போவது அதுதான். அப்புறம் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக ஓட்டுங்கள். முன்னால் 'டக் டக்' என்று கேட்டால் ஆக்சில் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. டிக்கி மேட்டைத் தூக்கி, ஸ்டெப்னி குழியில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: அதை ஏன் 'டிக்கி' என்கிறோம்? (ஊட்டி வாசகி)

பதில்: பழைய இரண்டு இருக்கைக் கார்களில் பின் மூடியைத் திறந்தால், வெட்டவெளியில் கூடுதலாக ஒரு இருக்கை இருக்கும். ஆங்கிலேயர் அதை டிக்கி சீட் என்றார்கள். உங்கள் ஊர் மழையில் அதில் உட்கார்ந்து வந்தவர் பாவம்! சீட் போய் சாமான் வந்த பிறகும் நாம் பெயரை விடவில்லை. இங்கிலாந்தில் இப்போது அது 'பூட்'.