டிரைவர் பின் செய்த மெமரி, புரோகிராம் முடிந்தும் ஏன் திரும்பி வருவதில்லை?

பாலக்காடு கஞ்சிக்கோட்டிலிருந்து, கேமரா கார்டுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதும் நண்பர் கேட்டிருக்கிறார்: புரோகிராமின் 4 எம்பி பஃபரை டிரைவர் பின் செய்கிறது (pin: கெர்னல் நகர்த்தாதபடி மெமரியில் பிடித்து வைப்பது), புரோகிராமை நிறுத்திய பிறகும் ஒவ்வொரு தடவையும் 4 எம்பி குறைகிறது, கெர்னலில் மெமரி கசிவைத் தேடும் கேமெம்லீக்கில் ஒன்றும் தெரியவில்லை.

கேமெம்லீக்கில் தெரியாது. மெமரியைப் பக்கம் பக்கமாகப் பகிரும் பேஜ் அலோகேட்டர் நேரடியாகத் தரும் பக்கங்களை அது பார்ப்பதே இல்லை.

நீங்கள் போட்ட கோடில் பின்_யூசர்_பேஜஸ்_ஃபாஸ்ட் வைத்துப் பிடித்து, புட்_பேஜ் வைத்து விடுகிறீர்கள். கோளாறு இங்கேதான். 2020-இல் வந்த 5.7 கெர்னல் முதல், பின் செய்தால் சாதாரண 4 கேபி பக்கத்தின் ரெஃபரன்ஸ் கவுன்ட் (பக்கத்தை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை) 1024 ஏறும். புட்_பேஜ் 1 மட்டுமே இறக்கும். மிச்சம் 1023 நிற்கும்வரை பக்கம் ஃப்ரீ ஆகாது. அன்பின்_யூசர்_பேஜஸ் போடுங்கள். கார்டு அந்தப் பக்கங்களில் எழுதுவதால் அன்பின்_யூசர்_பேஜஸ்_டர்ட்டி_லாக், கடைசி ஆர்குமென்ட் ட்ரூ (பக்கம் மாறிவிட்டது என்று குறிக்க).

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. 1024 பக்கம் (4 எம்பி) கேட்டால் 600 மட்டும் கிடைத்துத் திரும்பலாம். நடுவில் கில் சிக்னல் வந்தாலே போதும். உங்கள் கோடு 'கேட்டது கிடைக்கவில்லை' என்று உடனே எரர் கொடுத்து வெளியேறுகிறது, அந்த 600 மாட்டிக்கொள்கிறது. ரிட்டர்ன் மதிப்பு பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் அத்தனையையும் அன்பின் செய்த பிறகே வெளியேற வேண்டும். சோதிக்க, பஃபரில் 600-ஆம் பக்கத்துக்குப் பிறகு உள்ளதை மன்மேப் செய்துவிட்டு (புரோகிராமின் முகவரிகளிலிருந்து நீக்கிவிட்டு) டிரைவரைக் கூப்பிடுங்கள்.

மெம்லாக் லிமிட் (ஒரு பிராசஸ் பிடித்து வைக்கக்கூடிய மெமரியின் வரம்பு) கணக்கில் மிகக் கவனம் வேண்டும். ஃபைலைக் கடைசியாக மூடும்போது ஓடும் ரிலீஸில், கரன்ட்-இன் (அப்போது ஓடும் பிராசஸின்) எம்எம்மை, அதாவது அதன் மெமரி விவரத்தை, நம்பாதீர்கள். ஃபோர்க்குக்குப் (பிராசஸ் தன்னை நகலெடுத்த) பிறகு ஃபைலைக் கடைசியாக மூடுவது வேறு பிராசஸாக இருக்கலாம். பின் செய்தபோதே, எம்எம் கட்டமைப்பை மட்டும் பிடிக்கும் எம்எம்கிராப் போட்டு அந்த எம்எம்மை வைத்திருந்து, அதிலேயே கழித்து, எம்எம்டிராப் செய்யுங்கள். முகவரி வெளி முழுவதையும் பிடித்து வைக்கும் எம்எம்கெட் வேண்டாம்: டிரைவர் ஃபைலை யாராவது எம்மேப் செய்திருந்தால் (தன் முகவரிகளில் இணைத்திருந்தால்) எம்எம் ஃபைலைப் பிடிக்கும், ஃபைல் எம்எம்மைப் பிடிக்கும், இரண்டும் விடுபடாது.

சரியானதா என்று பார்க்க பிராக் விஎம்ஸ்டாட்டில் (/proc/vmstat ஃபைல்) பின் செய்ததையும் விட்டதையும் எண்ணும் என்ஆர்_ஃபோல்_பின்_அக்வயர்ட், என்ஆர்_ஃபோல்_பின்_ரிலீஸ்ட் இரண்டையும் பாருங்கள். மெஷின் முழுவதற்குமான எண்கள் இவை. வேறு வேலை ஓடாதபோது எடுங்கள். ஒரு தடவை ஓட்டி முடித்ததும் இரண்டுக்குமான வித்தியாசம் 1024 கூடியிருந்தால், புட்_பேஜ் இன்னும் எங்கோ மிச்சம் இருக்கிறது.