வீல் அலைன்மென்ட், சஸ்பென்ஷன்: கேள்வி பதில்

சேலம்: அண்ணா, போன வாரம்தான் அலைன்மென்ட் பார்த்தேன். 90-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது.

பேலன்சிங் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமா என்று) பாருங்கள். அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணங்கள்) கெட்டால் வண்டி இழுக்கும், டயர் தேயும். நடுக்கம் பெரும்பாலும் வேறு கதை.

மதுரை: ஸ்விஃப்ட். முன் டயர் இரண்டும் உள்பக்கம் தேய்கின்றன. ஜாக்கி வைத்து கேம்பரை (சக்கரம் உள்ளே, வெளியே சாயும் கோணம்) வளைக்கலாம் என்கிறார்கள்.

வளைக்க விடாதீர்கள். முதலில் டயரின் குறுக்கே கையை ஓட்டுங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் ரம்பம் மாதிரி பிடித்தால் டோ (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே, வெளியே திரும்பி நிற்கும் அளவு) கோளாறு. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடைத் திருப்பினால் தீரும். வழவழப்பாக ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் கேம்பர். உங்கள் வண்டியின் முன்பக்கம் மெக்பர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்). அதில் கம்பெனி திருப்ப விட்டிருப்பது டோ மட்டும்தான். ஆகவே கேம்பர் மாறியிருந்தால் ஏதோ மடங்கியிருக்கிறது, அல்லது இணைப்பில் இருக்கும் ரப்பர் புஷ் போயிருக்கிறது. அதைக் கண்டுபிடித்து மாற்றச் சொல்லுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை பிரிண்ட் போட்டு வாங்குங்கள்.

ஈரோடு: சார், நான் கடை வைத்திருக்கிறேன். வளைத்துக் கொடுத்தால் தேய்மானம் நிற்கிறதே?

நிற்கலாம். ஆனால் குழியில் விழுந்து மடங்கிய லோயர் ஆர்ம் (சக்கரத்தை அடியில் வண்டியோடு பிணைக்கும் கை) அப்படியே இருக்கிறது. அதை ஈடுகட்ட நல்ல ஸ்ட்ரட்டையும் வளைத்துவிட்டீர்கள். ஸ்ட்ரட்டுக்குள் ஏறி இறங்கும் ராட் இறுகி, ஆயில் சீல் சீக்கிரம் கசியும்.

ஈரோடு: பார்ட்ஸ் விலை சொன்னால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள் சார்.

புரிகிறது. கேம்பர் வித்தியாசம் சிறிதென்றால் ஸ்ட்ரட்டும் நக்கிளும் (சக்கரம் பொருந்தும் பகுதி) சேரும் போல்ட்டைத் தளர்த்துங்கள். துளையில் இருக்கும் இடைவெளியே கொஞ்சம் இடம் கொடுக்கும். போதாவிட்டால் கேம்பரைத் திருத்தவென்றே கேம்பர் போல்ட் கிடைக்கிறது. பிறகு டோவை மறுபடி பார்த்தே ஆக வேண்டும். ஆனால் மடங்கிய ஆர்மை மாற்றாமல் மட்டும் அனுப்பாதீர்கள். அந்த வண்டியில் ஒரு குடும்பம் போகிறது.

திருச்சி: வண்டி இடதுபக்கம் இழுக்கிறது.

டயர் ஆறியிருக்கும்போது காற்று பாருங்கள். சரியென்றால் முன் டயர்களை இடம் மாற்றிப் பாருங்கள் (ஒரே திசையில் ஓடவேண்டிய டயர் என்றால் வேண்டாம்). இழுப்பு வலப்பக்கம் போனால் குற்றம் டயரில். தண்ணீர் வடிய சாலையே இடப்பக்கம் சரிந்திருக்கும். லேசாக ஒதுங்குவது இயல்பு.

கோவை: என் வண்டியும் இழுக்கிறது, அலைன்மென்ட்டா?

திருச்சிக்காரருக்குச் சொன்னதுதான். முதலில் காற்று.

தஞ்சை: காற்று சரி. இழுக்கிறது.

அடுத்த வரியையும் படியுங்கள்.

நெல்லை: லோயர் ஆர்ம் புஷ் புதிதாகப் போட்டும் சீக்கிரமே கிழிந்துவிட்டது.

நல்ல கேள்வி. வண்டி லிஃப்ட்டில் தொங்கும்போதே போல்ட்டை முழுக்க முறுக்கியிருப்பார்கள். இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். சக்கரம் எடை தாங்கி நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு. அதற்குப் பிறகு அலைன்மென்ட்.