சொன்னது கர்த்தரா, நீங்களா?

கேள்வி: கிறிஸ்தவ வாழ்க்கையில் ஆவிக்குரிய ஞானத்தை எப்படித் தேடுவது? கிடைத்ததை மற்றவர்களோடு எப்படிப் பகிர்ந்துகொள்வது?

நான் ஊழியக்காரன் இல்லை. காரைக்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஞாயிறு ஆராதனை, வாரத்தில் ஒருநாள் வீட்டு ஜெபக்கூட்டம், அவ்வளவுதான். ஆனால் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதியில் நன்றாகச் சூடுபட்டவன். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஜெபக்கூட்டத்துக்கு வரும் தம்பி ஒருவர், லோடு ஆட்டோ ஓட்டுபவர், கடை சாத்தும் நேரத்தில் வந்தார். பக்கத்து ஊரில் ஒரு பழைய வீட்டைப் பிரிக்கிறார்களாம். நிலை, கதவு, தூண் எல்லாம் பர்மா தேக்கு. மொத்தமாக எடுக்கும் ஒருவர் இவரையும் கூட்டுக்குக் கூப்பிடுகிறார். மனைவியின் நகையை அடகு வைத்தால் பணம் புரண்டுவிடும். "அண்ணே, ஜெபிச்சுச் சொல்லுங்க" என்றார்.

ஜெபித்தேன். ஒரு கை ஷட்டரில் இருந்தது. இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அன்று காலையில் லூக்கா 5 படித்திருந்ததால் "ஆழத்திலே தள்ளிக்கொண்டுபோய், மீன்பிடிக்கும்படி உங்கள் வலைகளைப் போடுங்கள்" என்ற வசனம் தானாக வாயில் வந்தது. "தம்பி, கர்த்தர் உங்களுக்கு இதைத்தான் கொடுக்கிறார்" என்றேன். அவர் கண்கலங்கிவிட்டார். எனக்கும் உள்ளே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு மீதிக் கதையைச் சொல்லவே தேவையில்லை. பாட்டையா கட்டிய வீடு என்றால் மகன்கள், பேரன்கள் என்று பங்கு பிரிந்து பிரிந்து ஒருவர் சென்னையில் இருப்பார், ஒருவர் மலேசியாவில் இருப்பார். ஒரு பங்காளி கையெழுத்துப் போட்டுக் காசு வாங்கிவிட்டார், இன்னொரு பங்காளி வக்கீல் நோட்டீஸ் விட்டார். பிரித்த கதவுகள் ஒரு கொட்டகையில் முடங்கின. கூட்டாளியின் போன் அணைந்தது. இந்த மண்ணில் பிறந்தவன் முதலில் கேட்டிருக்க வேண்டியது, "வீட்டுக்கு எத்தனை பங்கு, எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சா?" என்பதைத்தான். எதிர்ப் பெட்டிக்கடைக்காரர்கூடக் கேட்டிருப்பார். நான் வசனம் கொடுத்து அனுப்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் தம்பியின் மனைவி வந்து நின்றார். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. கோபமே இல்லாமல் கேட்டார்: "அண்ணே, அன்னைக்குச் சொன்னது கர்த்தரா, நீங்களா?"

பதில் சொல்ல வாய் வரவில்லை.

என் அப்பா தேவகோட்டையில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். புதுக் கணக்குப் புத்தகத்தில் செட்டியாரே பிள்ளையார் சுழி போட்டுக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பைபிள் வாசிக்கும் அப்பா, அந்தச் சுழிக்குக் கீழே முதல் வரியைத் தொடங்குவார். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை. சின்ன வயதில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேரேடு புரட்டியபோது அவர் சொன்ன ஒன்று நினைவிருக்கிறது. ஒருவருடைய பற்றை இன்னொருவர் பேரில் எழுதிவிட்டால் ஐந்தொகை (கடைசியில் போடும் மொத்தக் கணக்கு) இடிக்காது, கூட்டல் சரியாகவே வரும், அதனால்தான் அது பெரிய தப்பு, வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படாது. நான் செய்தது அதுதான். வசனம் சரி, ஜெபம் சரி. பேர் மட்டும் தப்பு. என் யோசனையைக் கர்த்தர் பேரில் எழுதிவிட்டேன்.

அப்புறம்தான் 1 கொரிந்தியர் 7-ஆம் அதிகாரம் கண்ணில் பட்டது. எத்தனையோ தடவை படித்ததுதான். 10-ஆம் வசனத்தில் பவுல், "நானல்ல, கர்த்தரே கட்டளையிடுகிறதாவது" என்கிறார். இரண்டே வசனம் தள்ளி, "கர்த்தர் அல்ல, நானே சொல்லுகிறதாவது" என்கிறார். 25-ல், இதைப்பற்றிக் கர்த்தரிடத்தில் எனக்குக் கட்டளையில்லை, என் அபிப்பிராயத்தைத் தெரியப்படுத்துகிறேன் என்று இன்னும் வெளிப்படையாக எழுதுகிறார். யார்? பவுல்! அவரே பேரேட்டில் போடுவதுபோல இரண்டு பத்தி போட்டுத் தனித்தனியாகக் கணக்கு வைக்கிறார். ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு ஒரே பத்தி போதும் என்று நான் எப்படி நினைத்தேனோ தெரியவில்லை.

சரி, தேடுவதற்கு வருகிறேன். யாக்கோபு 1:5 எல்லாருக்கும் மனப்பாடம்: ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கட்டும். அதே வசனத்தில் "ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்" என்று இருப்பதை நான் கவனிக்காமலே இருந்தேன். முட்டாள்தனமான கேள்வியையும் அவரிடம் கேட்கலாம் என்று இப்போது அதற்கு அர்த்தம் வைத்துக்கொண்டிருக்கிறேன், கேட்கவும் செய்கிறேன். நீதிமொழிகளில் 31 அதிகாரம் இருப்பதால் தேதிக்கு ஒன்றாகப் படிப்பது நம் வீடுகளில் பழைய பழக்கம், அதுவும் நல்லதுதான். (30 நாள் மாதத்தில் 31-ஆம் அதிகாரத்துக் குணசாலியான ஸ்திரீ விடுபட்டுப் போகிறாள் என்று என் மனைவி கண்டுபிடித்திருக்கிறாள்.) அதில் 18:13, காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்வது புத்தியீனமும் வெட்கமும் என்கிறது. என் கடை ஷட்டர் ஞாபகம் வரும்.

சாலொமோன் ஞானம் கேட்டதைப் பற்றிப் பிரசங்கம் நிறையக் கேட்டிருப்பீர்கள், ஒரே குழந்தைக்கு இரண்டு பெண்கள் உரிமை கொண்டாடியபோது வாளைக் கொண்டுவரச் சொன்னதையும் கேட்டிருப்பீர்கள். 1 இராஜாக்கள் 3-ஐ மெதுவாகப் படித்துப் பாருங்கள். வாளுக்கு முன்னால் ஒரு வசனம் இருக்கிறது. இவள் இப்படிச் சொல்லுகிறாள், அவள் அப்படிச் சொல்லுகிறாள் என்று இரண்டு பெண்களும் சொன்னதை ராஜா திருப்பிச் சொல்கிறார். ஞானம் கிடைத்த மனுஷன் முதலில் செய்த வேலை, கேட்டதைச் சரியாகக் கேட்டோமா என்று பார்த்ததுதான்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, ஊழியத்திலிருந்து ஓய்வுபெற்ற ஐயர் (எங்கள் சபையில் போதகரை அப்படித்தான் சொல்வோம்) ஒருவரின் மனைவியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். ஐயரம்மா காபி ஆற்றிக்கொண்டே கேட்டார்: "அந்த வசனத்தைக் கொடுத்ததுல உனக்கு என்ன லாபம்?" லாபமா, நான் காசு வாங்கவில்லையே அம்மா என்றேன். "காசைக் கேக்கல" என்றார். அரை டம்ளர் காபி குடித்து முடிப்பதற்குள் புரிந்தது. அந்தத் தம்பி கண்ணில் நான் தீர்க்கதரிசியாகத் தெரிந்தேனே, அதுதான் லாபம். யாக்கோபு 3:17-ல் பரத்திலிருந்து வரும் ஞானம் "முதலாவது சுத்தமுள்ளது" என்று இருப்பதை ஐயரம்மா எடுத்துச் சொல்லவே இல்லை. வீட்டுக்கு வந்து நானே தேடிப் பார்த்தேன்.

பகிர்வதில் இன்னொன்று. ஓரியூர் எங்களுக்குப் பக்கம். நாங்கள் சிஎஸ்ஐ, அதாவது புராட்டஸ்டண்ட் சபை, ஆனாலும் அம்மா இருந்தவரை வருடம் ஒருமுறை அங்கே கத்தோலிக்கப் புனிதர் அருளானந்தர் கோயிலுக்குப் போவோம், அந்தச் செம்மண்ணை முந்தானையில் முடிந்துகொள்வார், எங்கள் ஐயர் காதுக்குப் போகாமல். லிஸ்பனில் பிரபு குடும்பத்தில் பிறந்தவர் அருளானந்தர். 1673-ல் இந்தியாவுக்கு வந்து, காவி உடுத்தி, கறி மீன் விட்டு, தமிழில் பேசி, பண்டாரசுவாமியாக இந்தச் சீமையில் நடந்திருக்கிறார். 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் தலையை வெட்டினார்கள். அவர் போதித்ததைவிட, போதிக்கும் முன் இந்த ஜனங்களின் சாப்பாட்டையும் பேச்சையும் கற்றுக்கொண்டதுதான் எனக்கு ஆச்சரியம். நாமோ ஆள் யார், வீட்டில் என்ன நிலைமை என்றுகூடக் கேட்காமல் காலை ஐந்து மணிக்கு 200 பேருக்கு வாட்ஸ்அப்பில் வாக்குத்தத்த வசனம் அனுப்புகிறோம்.

இப்போது யாராவது கேட்டால் முதலில் முழுக் கதையையும் கேட்கிறேன். பங்கு எத்தனை, வட்டி எவ்வளவு என்பது உட்பட. வேதத்தில் தெளிவாக இருப்பதை வேதம் என்று சொல்கிறேன், மற்றதை என் பேரில் சொல்கிறேன். பாதிக்கு மேல் "தெரியலை, நாளைக்கு வாங்க" என்றுதான் முடிகிறது.

அந்தத் தம்பி வீட்டில் சங்கிலியை மட்டும் மீட்டார்கள், கொஞ்சம் நானும் போட்டேன். வளையல் இரண்டும் ஏலத்தில் போயின. போன மாதம் அந்தத் தம்பியின் மனைவி, மகளின் காலேஜ் விஷயமாகக் கடைக்கு வந்திருந்தார். எல்லாம் விசாரித்துவிட்டு, "இது நான் சொல்றதும்மா" என்று ஆரம்பித்தேன். சிரித்துவிட்டார். "சரிண்ணே, உங்க பேர்லயே எழுதிக்கிறேன்."